விலையில்லை என்று சொன்னவர்

கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொல்லத் தெரியாத ஒரு மனிதர் எங்கள் ஊரில் இருந்தார். மணி என்ன என்று கேட்டால், கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அந்த மணிக்கூட்டைப் பண்டாரவளையில் யாரிடம் வாங்கினார் என்பதில் தொடங்குவார். கதை முடியும்போது பஸ் போயிருக்கும். இத்தனை வருஷம் கழித்தும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அன்பு அதற்குப் பிறகு, தயங்கித் தயங்கி வரும்.

நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் தனியாக இருந்தார். நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவராக வேலை பார்த்து, நாடு முழுக்க அலைந்து, ஓய்வுபெற்று வந்தவர். கலியாணம் முடிக்கவில்லை. ஊருக்கு அவர் கமராக்காரர். எனக்கும் தம்பிக்கும் மாமா. சொந்தம் என்று ஒன்றும் கிடையாது, வயதுக்காக அப்படிக் கூப்பிட்டோம்.

கமராக்காரர் என்றதும் படம் எடுக்கிறவர் என்று நினைப்பீர்கள். அங்கேதான் எரிச்சலே தொடங்குகிறது. அவரிடம் பதினொரு கமரா இருந்தன. எல்லாம் மரம். அந்தக் காலத்தில் மூன்று கால் தாங்கியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, படச்சுருளுக்குப் பதிலாகக் கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பார்களே, அந்தச் சாதி. தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் பங்களாக்கள் ஏலத்துக்கு வந்தபோதும், பழைய ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோதும் ஒன்றொன்றாகச் சேர்த்தவை. முன்னறை முழுக்க அதுகள்தான். மனிதர் விறாந்தையில் கட்டில் போட்டுப் படுத்தார். வாவிக் காற்றின் ஈரம் மரத்துக்குக் கூடாது என்று அந்த அறை யன்னலைத் திறப்பதே இல்லை. முகம் கழுவிவிட்டு ஈரத்தோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார். ஈரம் காய்ந்த பிறகுதான் உள்ளே விடுவார்.

சண்டை திரும்பத் தொடங்கியபோது வளவுக்கு வளவு பதுங்குவதற்குப் பங்கர் வெட்டினார்கள். இவரும் இரண்டு பேரைப் பிடித்து வெட்டுவித்தார். பரவாயில்லை, மனிதருக்கு உயிர்ப் பயம் வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். செல் குண்டுகள் விழத் தொடங்கிய அன்று பார்த்தால் பங்கருக்குள் பதினொரு கமராவும் சாக்குச் சுற்றி இருக்கின்றன. இவர் மேலே கட்டிலில் படுத்திருக்கிறார். இரண்டாம் நாள் அடியில் நீர் ஊறியதும் எல்லாவற்றையும் திரும்ப மேலே ஏற்றினார். பங்கரைத் தூர்த்தும் விட்டார். அதற்குள் தானாவது இறங்கலாம் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

அடையாள அட்டை இல்லாமல் வீதியில் இறங்க முடியாத காலம் அது. அட்டைக்குப் படம் வேண்டும். பட்டணத்தில் ஸ்டூடியோக்கள் பூட்டிக் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரி தன் மகனைக் கூட்டிக்கொண்டு போய், பதினொரு கமரா வைத்திருக்கிறீர்கள், ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். இவர் சிரித்தாராம். கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய்க் கேட்டேன்.

"அதுகள் படம் எடுக்கிற சாமான் இல்ல புள்ள."

"பின்ன என்னத்துக்கு மாமா?"

"பாக்கிறதுக்கு."

பார்ப்பார்தான். அதைச் சொல்லாமல் விட்டால் அவரைச் சொன்னதாக ஆகாது. யாராவது ஒரு பழைய கமராவைக் கொண்டு வந்து வைத்தால், முதலில் தொடமாட்டார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வருவார். பிறகு மூலைப் பொருத்துகளை நகத்தால் தட்டுவார். தோல் துருத்தியை விரித்து, உள்ளே தலையை விட்டு, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்குப் பிடிப்பார். பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு திருகாணியின் தலையையும் பார்ப்பார். தகடு வைக்கும் மரச்சட்டங்களில் குத்தியிருக்கும் இலக்கம் உடம்பில் குத்தியிருக்கும் இலக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒரு திருகாணி மாற்றியிருந்தால்கூட முகம் கோணிவிடும். இவ்வளவும் பார்க்கிற மனிதர், அதைக் கொண்டு வந்தவனுடைய முகத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்க்கமாட்டார். வந்தவன் இருந்தானா போனானா என்பதுகூடத் தெரியாது. தேத்தண்ணி கொடுப்பதென்றால் சாமானுக்குத்தான் கொடுப்பார் என்று தம்பி பகிடி பண்ணுவான்.

ஆனால் அவருடைய வாய்க்கு மதிப்பு இருந்தது. கொழும்பில் பழைய சாமான் வாங்கி ஹோட்டல்களுக்கும் வெள்ளைக்காரருக்கும் விற்கிற ஒருவர், இவர் நல்லது என்று எழுதினால் கண்ணால் காணாமலே எடுப்பார். அதனால் ஏறாவூர், களுவாஞ்சிக்குடி என்று எங்கிருந்தெல்லாமோ சாமானைச் சுமந்துகொண்டு வருவார்கள். ஒருநாள் காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர் ஒருவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், வந்திருந்தார். கண்டியில் வாங்கிய வீட்டோடு ஒரு மரக் கமராவும் வந்ததாம். நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை பார்த்தேன், மாமாவின் பங்குச் சீனியைக் கொடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு மாமா சொன்னார்: "காக்கா, இதுக்கு விலையில்ல."

வந்தவர் சிரித்துக்கொண்டு, சின்னவன் வைத்து விளையாடட்டும் என்று தூக்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகு மாமா என்னிடம் புலம்பினார். லென்ஸ் வேறொன்றுடையதாம், திருகாணி பாதி புதிதாம், எவனோ ஒரு தச்சன் கொலை செய்திருக்கிறானாம். வீட்டுக்கு வந்து அவரைப் போலவே மூக்கைச் சுருக்கி "விலையில்ல" என்று சொல்லிக் காட்டினேன். அம்மாவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொஞ்ச நாளைக்கு எங்கள் வீட்டில் அதுவே பேச்சாகிவிட்டது. குழம்பு புளித்தால் இதுக்கு விலையில்ல, செருப்பு அறுந்தால் இதுக்கு விலையில்ல.

எங்கள் அப்பா பட்டணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஒரு கலவரத்தில் ஸ்டூடியோ எரிந்தது. படங்கள், அவற்றின் நெகட்டிவ்கள், எங்களுடைய சின்ன வயசுப் படங்கள் எல்லாமே அங்கேதான் இருந்தன, ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பா அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது ஒரு மரக் கமரா. யாரோ ஒரு பாதிரியாரிடம் அப்பா வாங்கி, ஆசைக்காக வீட்டில் வைத்திருந்தது. அம்மா அதை அல்மாரிக்கு மேலே, துணி சுற்றி வைத்திருந்தாள்.

தம்பிக்குப் பத்தொன்பது வயது. அந்த வயதுப் பெடியனை வீட்டில் வைத்திருப்பது எப்படி என்று அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ஆமி, மறுபக்கம் பெடியன்களின் இயக்கம், எந்தப் பக்கத்தில் இருந்து படலை தட்டினாலும் அம்மாவுக்கு நெஞ்சு நின்றுவிடும். கொழும்புக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு முகவர் ஒத்துக்கொண்டார். ஒரு மாதம் பொறுப்பேன், அதற்குள் முற்பணம் வரவேண்டும் என்றார். தம்பியிடம் இருந்த இரண்டு படங்களையும் கடவுச்சீட்டுக்கென்று வாங்கிப் போனார். அம்மாவின் நகைகள் ஏற்கனவே போய்விட்டன. விற்கிறதற்கு என்று வீட்டில் இருந்தது அந்தக் கமரா ஒன்றுதான்.

தம்பிதான் அதைச் சைக்கிள் கரியரில் கட்டி மாமா வீட்டில் கொண்டுபோய் வைத்தான். என்ன காரியத்துக்கு விற்கிறோம் என்று அம்மா கூடப் போய் மாமாவிடம் விளங்கச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், ஆனால் கண் கமராவில் இருந்ததாம். அடுத்த நாள் அம்மா போனாள். இன்னும் பார்த்து முடியவில்லை என்றார். அதற்கடுத்த நாள் மூடியைக் கழற்றியிருந்தார். நாலாம் நாள் பஞ்சால் பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில் ஒன்பது நாள் இப்படிப் போனது. ஒன்பதாம் நாள் அம்மா கமராவைச் சுமந்துகொண்டு தனியாகத் திரும்பி வந்தாள். கமராவைக் கட்டிலில் வைத்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"விலையில்லயாம்."

அம்மாவின் முகத்தில் குழப்பம் இருந்தது. சொல்லும்போது மாமாவின் குரல் கொஞ்சம் கரகரத்ததாம், கமராவைக் கையில் தரும்போது கவனம் கவனம் என்று இரண்டு தரம் சொன்னாராம். திரும்பப் போய் விளக்கமாகக் கேட்கட்டுமா என்று என்னிடம் கேட்டாள். நான்தான் மாமா வீட்டு விஷயமெல்லாம் தெரிந்தவள். காத்தான்குடிக் கமராவின் கதையை நேரில் பார்த்தவள்.

"குப்பை என்டு அர்த்தம் அம்மா," என்றேன். "போய் இன்னும் வெட்கப்படாதீங்க."

அம்மா போகவில்லை. அதைச் சொன்னது நான். மாமாவை எவ்வளவு திட்டினாலும் இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு வாய் அடைத்துவிடும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்கையில் பழைய இரும்பு, பித்தளை எடுக்கிறவன் வந்தபோது லென்ஸையும் மற்றப் பித்தளைப் பாகங்களையும் கழற்றி அவனிடம் நிறுத்துப் போட்டோம். மரம் மிஞ்சியது. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக் காட்டுக்கு விறகு வெட்டப் போகிறவர்கள் போகப் பயந்து நின்றுவிட்ட நேரம், அடுப்புக்கு ஒரு சுள்ளிகூட இல்லை. அம்மா கொத்தினாள், நான் அடுக்கினேன். மெருகெண்ணெய்ப் புகையில் மூன்று பேரும் இருமினோம். முகவர் சொன்ன மாதம் முடிந்தது. அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை, தம்பியின் படங்களும் அவரோடு போயின.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆமியின் சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி, ஒவ்வொருவராக ஜீப்புக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். உள்ளே, தலையாட்டி ஆள் காட்டிக்கொடுப்பதற்கு, சாக்கால் முகம் மூடிய ஒருவன் இருந்தான். தம்பி நடந்தபோது அந்தச் சாக்கு ஆடியது. ஏன் ஆடியது என்று யாருக்கும் தெரியாது. தம்பியோடு இன்னும் ஆறு பேரை ஏற்றினார்கள். அடையாள அட்டையும் அவனோடு போனது.

ஒன்பது நாள் நானும் அம்மாவும் முகாம் முகாமாக அலைந்தோம். போகிற இடமெல்லாம் படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஸ்டூடியோக்காரனின் பிள்ளைக்கு ஒரு படம் இல்லை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. பத்தாம் நாள் மத்தியானம் படலை திறந்தது. தோளில் பையோடு, சேர்ட்டெல்லாம் புழுதியோடு, மாமா வந்தார். ஊரில் அவரைக் கண்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்களுக்கு அது தோன்றக்கூட இல்லை.

மனிதர் கொழும்புக்குப் போயிருக்கிறார். ஒருவரிடமும் சொல்லாமல். பாதை திறந்து, மூடி, திறந்து, வழியில் யார் யார் வீட்டிலோ படுத்து, இவர் வாயை நம்பிச் சாமான் எடுக்கிற அந்த வியாபாரியை நேரே சந்தித்து, எங்கள் கமராவைப் பற்றிப் பேசி, கையோடு கடிதம் வாங்கி வந்திருக்கிறார். தம்பியை அனுப்பத் தேவையான முழுப் பணத்துக்கும் அந்த ஆள் பொறுப்பு என்று கடிதத்தில் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"அக்கா, கமராவ எடுங்க. நான் சொன்னன்தானே, அது விலையில்லாத சாமான் என்டு. நாட்டில அப்படி ஒண்டு இல்ல."

அம்மா அடுப்படி வாசலில் அப்படியே குந்திவிட்டாள். நான்தான் சொன்னேன், தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், இன்றைக்குப் பத்து நாள் என்று. மாமா என்னைப் பார்த்தபடி நின்றார். பிறகு அவர் வாயில் வந்தது, "அப்ப கமரா?"

அந்த நேரம் என் கையில் ஏதாவது இருந்திருந்தால் எறிந்திருப்பேன். எரித்துவிட்டோம் என்றேன். விலையில்லை என்றால் குப்பை என்றும் அர்த்தம், இன்னும் ஒரு வசனம் சேர்த்துச் சொல்லியிருந்தால் உங்கள் வாய் தேய்ந்தா போயிருக்கும், கொழும்புக்குப் போகிறேன் என்று ஒரு சொல் சொல்லக் கூடாதா என்று ஒழுங்கை கேட்கக் கத்தினேன். அவர் நிலத்தில் இருந்தார். பையைத் திறந்து, கறுப்புத் துணியில் சுற்றிய ஒரு கண்ணாடித் தகட்டையும், அதிலிருந்து கொழும்பில் கழுவி எடுத்த ஒரு படத்தையும் வெளியே வைத்தார்.

லென்ஸின் தரத்தைக் கொழும்புக்காரருக்குக் காட்டுவதற்காக மனிதர் ஒரு படம் பிடித்திருக்கிறார். வாழ்க்கையில் ஒரேயொரு படம். பல வருஷமாக உடைக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய தகட்டுப் பெட்டியை அதற்காக உடைத்திருக்கிறார். அந்த ஒன்பது நாளில் ஒருநாள் அம்மாவோடு தம்பியும் போனபோது, அம்மா அவருடைய கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில், அவனைச் சுவரோரம் ஒரு கதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். தம்பி எங்களிடம் இதைச் சொல்லவே இல்லை.

தம்பியின் படம்! நான் பாய்ந்து எடுத்தேன். சுவரில் சுண்ணாம்பு வெடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற குரோட்டன் செடியின் இலையில் புள்ளி தெரிந்தது. கதிரையின் பின்னலில் அறுந்த பிரம்பு தெரிந்தது. கதிரையைப் பிடித்திருந்த தம்பியின் கை, நகக்கண் வரைக்கும் தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல். தகடு பழையது, அதனால் லென்ஸின் மூடியைப் பன்னிரண்டு எண்ணும் வரை திறந்து வைக்கவேண்டி இருந்ததாம். ஆடாமல் நில் என்று மாமா சொல்லவில்லை. அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா கிணற்றடியில் இருந்து கூப்பிட்டிருப்பாள், இவன் திரும்பியிருப்பான்.

"முகம் எங்க மாமா?" என்று கேட்டேன்.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். முதலில் நாலு மூலைகளுக்கும் போனார், பழக்கம் விடவில்லை. அதற்குப் பிறகுதான் நடுவுக்கு வந்தார். வந்து, அங்கேயே நின்றுவிட்டார். கண்ணாடி படத்தில் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். படத்தை வாங்கி, படியில் இருந்து, வெளிச்சம் போகும்வரை பார்ப்பார். பார்க்கப் பார்க்க முகம் தெளிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது. அம்மாதான் தேத்தண்ணி கொடுப்பாள்.

அடுத்த மாதம் பட்டணத்தில், காணாமற்போனவர்களின் விபரம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். வரவேண்டாம் என்று நான் சொல்லியும் மாமா கூட வந்தார், தகட்டைத் தன் மடியில்தான் வைத்திருந்தார். மேசையில் இருந்த அதிகாரி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, முகம் தெரியவில்லையே, இதை ஒட்ட முடியாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"கையப் பாருங்க ஐயா," என்றாள் அம்மா. "அது எங்கட பிள்ளைட கைதான்."

யார் எடுத்த படம் என்று அவர் கேட்டார். வாங்குப் பலகையில் இருந்த மாமா எழும்பினார்.

"நான்தான் ஐயா எடுத்த. பிள்ளையப் பாக்காம எடுத்துப் போட்டன்."

அந்த மனிதர் வாயில் இருந்து, இப்படியும் அப்படியும் அர்த்தம் வராத ஒரு வசனத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதிகாரி படத்தைத் திருப்பித் தந்தார். படம் ஒட்டும் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார், உடம்பில் ஏதும் அடையாளம் உண்டா என்று. அம்மா வாய் திறக்கும் முன் மாமா சொல்லத் தொடங்கினார். வலது கைச் சுட்டுவிரலில் பழைய வெட்டுக்காயம், குறுக்காக, அரை அங்குலம். பெருவிரல் நகம் ஒரு பக்கம் சரிந்தது. மணிக்கட்டு எலும்புக்குக் கீழே சின்னத் தழும்பு ஒன்று. நிறுத்தாமல் சொன்னார், அதிகாரி எழுதினார்.

"முகத்தில?" என்று அதிகாரி கேட்டார்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அக்கா நான், பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள். புருவத்துக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் என்றேன். எந்தப் புருவம் என்று அதிகாரி கேட்டார். இடது என்றேன். சொன்ன கையோடு இடதா வலதா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், அவள் இன்னும் அந்தப் படத்தில் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி அதற்குள் இடது என்று எழுதிவிட்டார்.